அவர் பெயர் இருந்த கடவுச்சீட்டு

"உங்களுடைய உண்மையான மனைவி எங்கே?" என்று ஓர் அதிகாரி என் கணவரிடம் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி, ஒடென்சே நகரம், வெளியே நவம்பர் மாதத்து மழை. கேள்வி டேனிஷ் மொழியில் வந்தது. எனக்கு அப்போது அந்த மொழியில் ஐம்பது சொற்கள் தெரிந்திருந்தால் பெரிய காரியம். ஆனால் 'மனைவி', 'எங்கே' இரண்டும் அந்த ஐம்பதுக்குள் இருந்தன.

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பெயரைப் பற்றிய கதையைப் பெயரே இல்லாமல் எழுதுவது கொஞ்சம் விசர் வேலைதான். ஆனால் எழுதினால், எது உங்களுடைய சரியான பெயர் என்று வாசிக்கிறவரும் கேட்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப் போனவள் நான்.

நான் மன்னார்க்காரி. பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரிகளோடு ஸ்பெயினுக்குப் போனேன். கன்னியாஸ்திரி ஆகத்தான் போனேன், ஆகவில்லை. அவர்கள் நடத்திய முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பெரியப்பாவைப் பார்க்க வருவார். பெரியப்பா இறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வியோடு ஒரு கடிதம் வந்தது: ஆள் வேதக்காரனா? ஓம், கத்தோலிக்கர் என்று எழுதினேன். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது.

கலியாணத்தைப் பதியப் போனபோது பதிவாளர் என் இரண்டு குடும்பப் பெயர்களையும் கேட்டார். எனக்கு ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஸ்பெயின்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு உண்டு. தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. பெண் கலியாணம் கட்டினாலும் அந்த இரண்டும் அவளுடனேயே இருக்கும். புருஷனின் பெயர் அவளிடம் வராது. என் மாமியார் நாற்பது வருடம் குடும்பம் நடத்திய பிறகும் தன் தகப்பன் பெயரோடுதான் இருந்தார். பதிவாளர் என் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் கேட்டு, இரண்டையும் என் பெயருக்குப் பின்னால் எழுதினார். அம்மாவின் பெயரை என் பெயரோடு சேர்த்து ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பெயரோடு ஒரு சிறிய குடும்பப் புத்தகத்தைத் தந்தார்கள். நாங்கள் புருஷன் பெண்சாதி என்பதற்கு அரசாங்கம் தந்த அத்தாட்சி அதுதான்.

அடுத்த வருடம் என் இலங்கைக் கடவுச்சீட்டு காலாவதியானது. புதியதற்கான படிவம் தபாலில் வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். கலியாணம் முடிந்தால் தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வரும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? ஆகவே அவருடைய குடும்பப் பெயர் இரண்டையும் விட்டுவிட்டு, ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த சொந்தப் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். எனக்கு அன்று பெரிய சந்தோசம். அவரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல. சோறு வடித்ததைப் போய் யாராவது அறிவிப்பார்களா? புதிய கடவுச்சீட்டு வந்தது. பழையது திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் வேலை செய்த தளத்தில் ஆட்களை நிறுத்தத் தொடங்கினார்கள். ஒடென்சேக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தளம் வெல்டர்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டு அவர் முதலில் போனார். வேலை அனுமதியும் இரண்டு அறை வீடும் கிடைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். மூன்று மாத விசாவில் போய் இறங்கினேன். மனைவி என்ற முறையில் தங்குவதற்கு விண்ணப்பித்தோம். இரண்டு கிழமையில் பதில் வரும் என்று அவர் சொன்னார். அவர் எதையும் சுலபமாகத்தான் சொல்வார்.

பதிலுக்குப் பதிலாக அழைப்பு வந்தது. அதிகாரி மேசையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்: ஸ்பானியக் குடும்பப் புத்தகம், என் கடவுச்சீட்டு. புத்தகத்தில் இருந்த மனைவிக்கு அப்பா, அம்மா பெயர்கள். கடவுச்சீட்டில் இருந்த பெண்ணுக்கு அவை இரண்டும் இல்லை. அவளுடைய கடைசிப் பெயர் என் கணவரின் முதற்பெயர். புருஷன் பெயரை எடுத்தவள் என்றால் குடும்பப் பெயரை அல்லவா எடுத்திருப்பாள், உலகத்தில் யார் முதற்பெயரை எடுப்பார்கள் என்பது அவருடைய கேள்வி. பிறந்த திகதி ஒன்றாக இருக்கிறதே என்று என் கணவர் சொன்னார். அதைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று அதிகாரி சொன்னார். பிறகுதான் அந்த உண்மையான மனைவிக் கேள்வி.

அந்த மனிதரை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த வருடம் எங்கள் சனம் நிறைய வந்துகொண்டிருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஊரில் நடந்தவற்றுக்குப் பிறகு ஓடாமல் என்ன செய்வது? ஒருவருடைய கடதாசியில் இன்னொருவர் வந்த கதைகளும் இருந்தன, பொய் சொல்லமாட்டேன். என் முகத்தையும் கடவுச்சீட்டையும் பார்த்தவருக்கு அதுவும் அப்படி ஒரு கதையாகத் தெரிந்திருக்கும்.

வெளியே வந்ததும் என் கணவர் கேட்டார். நாங்கள் பேசியது ஸ்பானிய மொழியில். ஆனால் இப்போது நினைக்கும்போது எல்லாம் எங்கள் தமிழில்தான் காதில் கேட்கிறது.

"என்ர பேரை உன்ர பாஸ்போட்டில போடச் சொல்லி ஆர் உன்னைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பிறகு ஏன் போட்டனி?"

"நான் உங்கட மனுசி. வேற ஆற்ற பேரைப் போடுறது?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் நடந்தார். உன் அம்மா அப்பா பெயரைப் போட்டால்தானே நீ நீயாக இருப்பாய் என்று சொன்னார். எனக்கு அது விளங்கவே இல்லை. அவருக்கு நான் விளங்கவில்லை. ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேருக்கு இது தெரியாமல் இரண்டு வருடம் போயிருக்கிறது.

ரயிலேறி, ரயிலோடு கப்பலேறி, கோப்பன்ஹேகனில் இருந்த ஸ்பானியத் துணைத்தூதரகத்துக்குப் போனோம். எங்கள் கணக்கில் இவருடைய மனைவி இந்தப் புத்தகத்தில் இருக்கிற பெண், அந்தப் பெயரில் ஒரு கடவுச்சீட்டுக் கொண்டுவாருங்கள், உடனே கடிதம் தருகிறோம் என்றார்கள். எங்கள் இலங்கைத் தூதரகத்துக்கு எழுதினேன். பெயரைத் திருப்பி மாற்றுவதென்றால் கொழும்பில் விசாரித்து உறுதி வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ஸ்பெயின்காரருக்கு நான் அப்பாவின் மகள். இலங்கைக்காரருக்கு அவருடைய மனைவி. டென்மார்க்காரருக்கு இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி கள்ளி.

ஊருக்கு எழுதிப் பிறப்புப் பத்திரம் கேட்டேன். அந்த நாட்களில் மன்னாரிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்வது அதிர்ஷ்டம். அப்பா பத்திரம் எடுக்கக் கச்சேரி அலுவலகத்துக்குப் போவதென்றால் வழியில் எத்தனை சோதனைச் சாவடி தாண்ட வேண்டுமோ தெரியாது. கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்ட பிறகு ஏன் போட்டேன் என்றும் அழுதேன். என் கடதாசிக்காக அப்பாவை ரோட்டில் இறக்கிவிட்டேனே என்றிருந்தது. விசாரணைகள் முடியும் வரை அந்தப் பத்திரம் வரவும் இல்லை.

விசா முடியப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் இருவரையும் தனித்தனியாக விசாரிக்கக் கூப்பிட்டார்கள். எனக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஹேர்னிங் நகரத்திலிருந்து அழைத்திருந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்தவர், கலவரத்துக்கு முன்பே வந்து அங்கே துணி ஆலையில் வேலை செய்கிறவர். நாற்பது வயதிருக்கும், நரைத்த மீசை. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ தங்கச்சி" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கண் கலங்கியது. அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது என்றும் இப்போது நினைக்கிறேன். ஸ்பானியப் பெண்ணாக உள்ளே போனவள், அவருக்கு முன்னால் ஒரு நிமிடத்தில் மன்னார்ப் பெண் ஆகிவிட்டேன்.

எங்கே சந்தித்தீர்கள், வீட்டில் யார் சமைப்பது, கதவு என்ன நிறம் என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு அந்த மொழிபெயர்ப்பாளர் அண்ணை ஒரு கணம் தயங்கி, "உங்கட கணவரின்ர பேர் என்ன எண்டு கேக்கிறார்" என்றார்.

என் வாய் திறக்கவில்லை.

இதை வெளியாருக்கு எப்படி விளக்குவது? எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. கூப்பன் கடையில் யாராவது கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார், நான் சொல்வேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். அதை நான் நம்பினேன் என்றும் சொல்லமாட்டேன். நம்பாமலே உடம்பில் ஊறிப்போன சங்கதி அது. ஸ்பானிய மொழியில் அவரை 'நீ' என்று கூப்பிடுவேன், அது கூசாது. பெயர் மட்டும் வராது. "இஞ்சருங்கோ", இங்கே பாருங்கோ, என்றுதான் கூப்பிடுவேன். அதைத் தமிழில் அவருக்கு நான் வைத்த செல்லப் பெயர் என்று மாமியார் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். கலியாணத்தன்று கோயிலில் ஒரு தடவை சொன்னேன்தான். அது பாதிரியார் சொல்லச் சொல்லச் சொன்னது, செபக் கணக்கில் சேர்ந்தது.

அதிகாரி காத்திருந்தார். அண்ணை தரையைப் பார்த்தார். ஒரு தமிழ் ஆம்பிளைக்கு முன்னால், அதுவும் தங்கச்சி என்று கூப்பிட்டவருக்கு முன்னால், அந்தப் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதிகாரி திரும்பக் கேட்டார். நான் எட்டி, மேசையில் திறந்திருந்த கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"அதில இருக்கு" என்றேன்.

அண்ணை அதை அப்படியே டேனிஷில் சொன்னார். அதிகாரி எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதம் எட்டாம் நாள் வந்தது. என் கணவர் வேலையிலிருந்து வந்து, ஜாக்கெட்டையும் கழற்றாமல், அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விண்ணப்பதாரிக்குக் கணவர் என்று சொல்லப்படுபவரின் பெயர் தெரிந்திருக்கவில்லை, கடவுச்சீட்டைப் பார்த்தே காட்டினார். நான்கு கிழமைக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மேலும் ஏதாவது தெரிவிக்க விரும்பினால் அதற்குள் நேரில் வரலாம்.

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"என்ர பேர் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லு பாப்பம்."

சுவரைப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து, சொல்லு என்றார். சத்தம் போடவில்லை, கெஞ்சினார். ஒரு சொல். இரண்டு அசை. அதைச் சொன்னால் அந்த வீட்டில் இருப்பேன், சொல்லாவிட்டால் கொழும்பில் போய் இறங்க வேண்டும், மன்னார்ப் பெயரும் மன்னார் விலாசமும் உள்ள தனிப் பெண்ணாக. அது எனக்குத் தெரியாதா? சொல் வெளியே வரவில்லை. அவர் கையை விட்டுவிட்டார்.

"என்னில உனக்கு விருப்பம் இல்லை" என்றார். "இருந்தா இவ்வளவு கஷ்டமாயிராது."

வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு பிழையாக விளங்கிக்கொண்டதில்லை. கோபம் வந்தது, அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது. அடுத்த நாட்களில் அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. கதைத்தால் கடிதத்தைப் பற்றித்தான். கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. அவர் வேலைக்குப் போன பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினேன். சுவருக்குச் சொல்ல முடிந்தது. அவர் உள்ளே வந்தால் முடியவில்லை. ஒரு நாள் சூட்கேசை எடுத்து உடுப்புகளை மடித்து வைக்கவும் தொடங்கினேன். பாதியில், கம்பளிச் சட்டையை என்ன செய்வது, ஊரில் அது எதற்கு என்று யோசித்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மாதாவிடம் மன்றாடவும் வெட்கமாயிருந்தது. என்னவென்று கேட்பது? என் வாயைத் திற என்றா?

எழும்பியதும் தெருமுனையில் இருந்த டெலிபோன் கூண்டுக்குப் போய் ஹேர்னிங் அண்ணைக்கு எடுத்தேன். விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, அவர் தன் நம்பர் எழுதிய துண்டு ஒன்றை என் கையில் வைத்திருந்தார்.

"அண்ணை, நான் ஒடென்சேயிலயிருந்து கதைக்கிறன். போகச் சொல்லிக் கடிதம் வந்திட்டுது."

நான் இன்னொரு காசைப் போட்டேன்.

"தங்கச்சி, நீங்கள் விரலை வைச்ச உடனயே எனக்கு விளங்கினது. ஆனா விளங்கினதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் சொன்னதை மட்டும்தான் நான் சொல்லலாம். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"நான் இப்ப என்ன செய்யிறது?"

"இன்னும் எத்தினை நாள் இருக்கு?"

"ஒன்பது."

"நேரில வரலாம் எண்டு போட்டிருப்பினம். திகதி ஒண்டு எடுங்கோ. இந்த முறை ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ. நான் என்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு வாறன். மொழிபெயர்க்க இல்லை, சாட்சி சொல்ல."

அப்படி வந்து சாட்சி சொன்னதற்குப் பிறகு அவரை மொழிபெயர்க்க யாரும் கூப்பிடவில்லை என்று பல மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அவர் வாயால் அதைச் சொன்னதில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அண்ணையும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணையின் மனைவிக்கு என்னிலும் ஏழெட்டு வயது கூட. அக்கா என்று கூப்பிட்டேன். முருங்கைக்காய் டின் ஒன்றும் கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் அறிமுகம் நடந்தது. என் கணவரின் பெயரை அண்ணை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அண்ணையின் பெயரை என் கணவர் சொல்ல முயன்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தக் கிழமைகளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் அதே அறை, அதே அதிகாரி. ஸ்பானிய மொழிபெயர்ப்பாளராக சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். என் கணவரை நடைபாதையில் இருக்கச் சொன்னார்கள். குடும்பப் புத்தகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் தன் பாட்டிலேயே தலையாட்டினார். என்னவென்று அதிகாரி கேட்டபோது, இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை, நானும் கலியாணம் கட்டினவள்தான், என் பெயர்களும் என் தகப்பனுடையதும் தாயுடையதும்தான் என்று அதிகாரிக்குச் சொன்னார். கடவுச்சீட்டு ஏன் வேறு மாதிரி என்று அதிகாரி கேட்டார். அண்ணை எழுந்து, எங்கள் பெண்கள் புருஷனின் சொந்தப் பெயரை எடுப்பார்கள், ஆனால் அதை வாயால் சொல்லமாட்டார்கள் என்று டேனிஷில் விளக்கினார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். எடுப்பார்கள், ஆனால் சொல்லமாட்டார்கள் என்று தனக்குள் திருப்பிச் சொன்னார். நம்பவில்லை. நான் அவராக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

பிறகு அவர் திடீரென்று அக்காவின் பக்கம் திரும்பி, டேனிஷ் வகுப்பில் முதல் நாள் படிப்பிக்கிற அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டார். உங்கள் கணவரின் பெயர் என்ன?

அக்காவுக்கு விளங்கியது. கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இவர்தான்" என்று அண்ணையைக் காட்டினார். பெயர், பெயர் என்றார் அதிகாரி. அக்காவின் முகம் சிவந்துவிட்டது. என் முழங்கையை இடித்தார்.

"நீ சொல்லன் பிள்ளை. நீ சொல்லலாம்தானே."

நான் அண்ணையின் பெயரைத் தடக்கென்று சொன்னேன். ஒரு கூச்சமும் இல்லாமல், முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு. அதிகாரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பேனாவின் முனையால் என்னைக் காட்டி, இவருடைய கணவரின் பெயர் என்ன என்று அக்காவிடம் கேட்டார். அக்கா உடனே சொன்னார். அதன் கடைசியில் ஒரு உகரத்தையும் சேர்த்து, யாழ்ப்பாணத்தில் பிறந்த பெயர் மாதிரிச் சொன்னார்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிலி நாட்டுப் பெண் மட்டும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னிடம், கடுமை இல்லாமல்தான், சொன்னார். இது எனக்கு விளங்குகிறது. ஆனால் கோப்பில் உங்கள் கணவரின் பெயர் தெரியவில்லை என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் நீங்கள் சொன்னதாக எழுத வேண்டும். ஒரு தடவை போதும்.

கதவைத் திறந்து என் கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார். அண்ணை எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த மரியாதையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

சொன்னேன். எனக்கே கேட்காத மாதிரி வந்தது. சத்தமாக என்றார் அதிகாரி. திரும்பச் சொன்னேன். உடுப்பில்லாமல் சந்தியில் நின்றது போல இருந்தது. என் கணவர் சிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா" என்றார். "எவ்வளவு லேசு."

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். கலியாணம் பதியப்பட்டது ஸ்பெயினில், ஆகவே டென்மார்க்கில் என் பெயர் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான். கடவுச்சீட்டைத் திருத்தும் வரை அனுமதியைத் தனித்தாளில் தருவார்கள். ஒரு நிபந்தனை. கடவுச்சீட்டில் உள்ள மற்றப் பெயரை இந்த நாட்டில் எங்கும் பயன்படுத்தமாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். படிவத்தில் அவருடைய பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. அதன் மேல் நானே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் புருஷன் செத்தாலும் அவர் பெயரை வெட்டமாட்டார்கள். சாகும் வரை இன்னாரின் மனைவிதான். என் புருஷன் உயிரோடு, ஆறடி தள்ளி, சிரித்துக்கொண்டு நின்றார். நான் கோட்டைப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டாம் தடவையும் போட வேண்டியிருந்தது.

அண்ணையையும் அக்காவையும் ரயிலேற்றிவிட்டு நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். அவர் அனுமதித் தாளை மடியில் விரித்து வைத்து, என் புதுப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். நல்ல பெயர், தன் அம்மாவுக்கு இருப்பது போல முழுப் பெயர் என்றார். திரும்ப ஒருமுறை தன் பேரைச் சொல்லச் சொல்லிக் காதுக்குள் கேட்டார். என்னால் முடியவில்லை. அழத் தொடங்கினேன், வீடு வரும் வரை அழுதேன். எல்லாம் முடிந்துவிட்ட நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்து, அவர் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். அவர் பெயரை வெட்டிய கையை நான் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.